யிடக்கி கேட்கப் பழகுவது எப்படி

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். யிடக்கியை, அதாவது டிட்ஜெரிடூ என்று உலகம் அறிந்த நீண்ட மரக்குழலை, முதன்முறை கேட்டது ஒரு பேருந்துப் பயணத்தில், கைப்பேசி ஸ்பீக்கரில். பாட்டு கேட்டது, கட்டை தட்டும் ஓசை கேட்டது. டிட்ஜெரிடூ மட்டும், எங்கோ தகரப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல லேசாக உறுமிக்கொண்டிருந்தது. இதற்கா இத்தனை பேச்சு என்று மூடி வைத்துவிட்டேன். ஓராண்டு கழித்து, நண்பர் ஒருவரின் நல்ல ஹெட்போனில் அதே பதிவைக் கேட்டேன். வேறு வாத்தியமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் இரண்டாவது தவறு. உறுமலின் ருசி பிடித்ததும் அதை மட்டுமே கேட்க ஆரம்பித்தேன். பாடுகிறவர் எப்போது நிறுத்துவார், அந்தக் குழல் எப்போது தனியாக வரும் என்று காத்துக்கிடந்தேன். அது வரவே இல்லை. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு ஆர்னம் நிலத்தில் வாழும் யோல்ங்கு பழங்குடி மக்களின் இசையில், இந்த வாத்தியம் பாட்டுக்காகத்தான் இருக்கிறது. பாட்டை விட்டுவிட்டு அதைக் கேட்பது, நாதஸ்வரத்தை ஒதுக்கிவிட்டுத் தவிலை மட்டும் கேட்டு ஊர்வலத்தைப் புரிந்துகொள்ளப் பார்ப்பது மாதிரி. கொஞ்சம் புரியும், ஏன் அப்படி அடிக்கிறார் என்பது கடைசிவரை புரியாது.

முதல் தவறைச் சரிசெய்ய நல்ல ஹெட்போன் போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

1. பெயரையும் இடத்தையும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

டிட்ஜெரிடூ என்பது எந்தப் பழங்குடி மொழியிலும் உள்ள சொல் இல்லை. காதில் விழுந்த ஓசையை வைத்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சில் வரத் தொடங்கியது. யோல்ங்கு மக்கள் சொல்வது யிடக்கி.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு சின்ன வசதி. யோல்ங்கு மொழிகளில் த, ட இரண்டும் தனித்தனி ஒலிகள். ன, ண வேறுபாடும் உண்டு. சொல்லின் முதலிலேயே ங வரும். ஆங்கிலத்தில் இவற்றை எழுத எழுத்துக்குக் கீழே கோடு, வாலுள்ள எழுத்து என்று என்னென்னவோ செய்கிறார்கள். நமக்கு நாக்கை மடித்து ‘ட’ என்றால் வேலை முடிந்தது. யிடக்கி, யோல்ங்கு இரண்டையும் நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மொழிகளுக்குள் உறவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒலிகள் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.

யிடக்கி ஆஸ்திரேலியா முழுவதற்கும் பொதுவான வாத்தியமும் கிடையாது. கண்டத்தின் தெற்கிலும் நடுவிலும் வாழ்ந்த பெரும்பாலான பழங்குடிகளிடம் மரபாக இது இருந்ததில்லை. வட முனையின் வாத்தியம் இது. அங்கேயும் மேற்கு ஆர்னம் நிலத்தில் வாசிப்பது மாகோ எனப்படும் வகை. பொதுவாக நீளம் குறைவு, வாசிப்பு முறையும் வேறு. யோல்ங்கு ஊர்கள் என்று யிர்க்கலா, கலிவின்கு, மிலிங்கிம்பி, ராமிங்கினிங், கப்புவியாக் ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவின் விவரத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இன்னொரு பெயரும் கண்ணில் படலாம்: மண்டபுல். 2011இல் யிடக்கி என்ற சொல்லை ஒத்த பெயர் கொண்ட ஒருவர் இறந்துபோனார். இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். பெயரை மட்டுமல்ல, பெயர்போல ஒலிக்கும் சொல்லையும் தவிர்ப்பார்கள். அதனால் யிர்க்கலாப் பக்கத்தில் வாத்தியத்தின் பெயரே மாறி, மண்டபுல் என்று சொன்னார்கள். ஒரு மனிதருக்காக ஒரு சொல்லையே ஒதுக்கிவைக்கும் ஊர். இந்த இசையைக் கேட்கப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். யிடக்கி செய்வதிலும் வாசிப்பதிலும் உலகப் புகழ்பெற்ற கால்ப்பு குலத்துப் பெரியவர் 2022இல் காலமானார். அவரைப் பற்றித் தேடினால் எளிதில் கிடைக்கும். அந்த வழக்கத்தை மதித்து இங்கே நான் பெயரை எழுதவில்லை.

‘40,000 ஆண்டுப் பழமையான வாத்தியம்’ என்று எழுதிய அட்டைகளைச் சுற்றுலாக் கடைகளில் பார்ப்பீர்கள். நம்ப வேண்டாம். அந்த மக்கள் அந்த மண்ணில் வாழ்வது அதைவிடவும் பழைய கதைதான். வாத்தியத்துக்குக் கிடைத்திருக்கும் பாறை ஓவியச் சான்றுகளோ சுமார் 1,500 ஆண்டுகளுக்குள் அடங்குபவை. அதுவே போதுமான பழமை.

2. ஹெட்போன் எடுங்கள்

யிடக்கியின் அடிச்சுரம் பொதுவாக 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். கைப்பேசி ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. மேலே உள்ள இழைகள் மட்டும் காதுக்கு வரும். அதைத்தான் நான் வண்டு என்று நினைத்தேன். ஹெட்போன், அல்லது பெரிய ஸ்பீக்கர் பெட்டி. இந்தப் படி இவ்வளவுதான்.

3. கட்டையிலிருந்து தொடங்குங்கள்

பாடுகிறவரின் கையில் இரண்டு கட்டைகள் இருக்கும். பில்மா என்று பெயர். கெட்டி மரம், ஒன்றோடொன்று தட்டினால் ‘ணக்’ என்று கூர்மையாக விழும். முதல் நாலைந்து முறை வேறு எதையும் கேட்காதீர்கள். பில்மாவை மட்டும் பின்தொடர்ந்து விரலால் மேசையில் தட்டுங்கள்.

ஏன் பில்மா? அதுதான் அதிகாரம். வேகத்தை முடிவு செய்வது, எந்த வகைத் தாளம் என்று அறிவிப்பது, எப்போது முடிக்கலாம் என்று சொல்வது எல்லாம் பாடுகிறவரின் கையில் இருக்கிறது. யிடக்கி வாசிப்பவர் அதைப் பார்த்து, கேட்டு, தொடர்கிறார். பாடுகிறவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். வாசிப்பவர் பெரும்பாலும் இளைஞர். வேகம் பிசகினால் பெரியவர் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். சில களப் பதிவுகளில் அதுகூடக் கேட்கும். எனக்கு அந்தப் பதிவுகள் மீது தனிப் பிரியம்.

ஒரே பொருளைப் பற்றிய பாட்டை வெவ்வேறு வேகங்களில் பாடுவார்கள். மெதுவான நடைக்குப் புல்ன்ஹா என்பார்கள். ஒரு பறவையைப் பற்றி மெதுவாக ஒன்று, அதே பறவையைப் பற்றி வேகமாக இன்னொன்று என்று அடுத்தடுத்து வரும். இது தெரியாவிட்டால் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

4. ஒரு பாட்டை முழுதாகப் பிரித்துக் கேளுங்கள்

இந்தப் பாட்டு மரபுக்கு மணிக்கை என்று பெயர். தமிழில் எழுதினால் மணியும் கையும் ஞாபகம் வரும். அவற்றுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. கூட ஆடும் ஆட்டத்துக்குப் புங்குல் என்று பெயர்.

ஒரு மணிக்கைப் பாட்டு சின்னது. அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம், அதற்குள் முடிந்துவிடும். உள்ளே நடப்பதை மெதுவாகப் பார்க்கலாம்.

முதல் சில நொடிகள்: பாடுகிறவர் சொல் இல்லாமல் முனகுவது போல மெட்டைத் தொட்டுப் பார்க்கிறார். பில்மா லேசாகத் தட்டப்படலாம். வாசிப்பவர் யிடக்கியில் வாயைப் பொருத்தி ஒன்றிரண்டு சுற்று ஊதிப் பார்க்கிறார். வெளியாளுக்கு இது இன்னும் தொடங்கவில்லை என்றே தோன்றும்.

அப்புறம் பில்மா இறுகும். யிடக்கி முழு வடிவத்தோடு உள்ளே வரும். குரல் உயரத்தில் எழுந்து படிப்படியாகக் கீழே இறங்கும். இந்த இறக்கத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான மணிக்கை மெட்டுகள் மேலிருந்து கீழே சரிபவை. அடிமட்டத்துக்கு வந்ததும் அங்கேயே கொஞ்ச நேரம் ஒரே சுரத்தில் சொற்களை அடுக்கிவிட்டு, மீண்டும் மேலேறும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடினால் எல்லோரும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்ல மாட்டார்கள். மெட்டு ஒன்று, சொல் வரிசை அவரவருக்கு. முதலில் இது குழப்பம் போலக் கேட்கும். பழகினால் ஒரே ஆற்றில் பல கால்வாய்கள் ஓடுவது போல இருக்கும்.

மெட்டு குலத்துக்கு உரியது. ஒரு குலத்தின் பாட்டு வரிசையில் பொருள் மாறிக்கொண்டே போகும்: மேகம், காற்று, மீன், தேன். மெட்டு பெரும்பாலும் அதேதான். கேட்டுப் பழகிய யோல்ங்கு காது, சொல் விளங்கும் முன்பே மெட்டை வைத்து இது யாருடைய பாட்டு என்று சொல்லிவிடும்.

பிறகு முடிவு. என்னைக் கேட்டால் முழுப் பாட்டிலும் அழகான இடம் இதுதான். பில்மாவின் தட்டு மாறும். யிடக்கி ஒரு முடிப்பு வடிவத்தை ஊதும். இரண்டும் ஒன்றாக, கத்தியால் வெட்டியது போல நிற்கும். ஆனால் குரல் நிற்காது. துணையெல்லாம் போன பிறகு தனியாக இன்னும் சில நொடிகள் இழுத்து, தேய்ந்து முடியும். அந்தக் கடைசி நொடிகளில்தான், அதுவரை உங்கள் காதுக்குள் யிடக்கி எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்று தெரியும். யாராவது இருமுவார்கள், சிரிப்பார்கள், ஏதோ பேசிக்கொள்வார்கள். அடுத்த பாட்டு. சடங்குகளில் இது மணிக்கணக்கில், நாள்கணக்கில் போகும்.

யிடக்கியே இல்லாமல் பில்மா மட்டும் வைத்துப் பாடும் பாட்டுகளும் உண்டு. அதைக் கேட்டு, பதிவு கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்க வேண்டாம்.

5. இப்போது யிடக்கிக்கு வாருங்கள்

தம்புராவில் பழகிய காதோடு வந்தால் இங்கே ஒரு சிக்கல். கீழே ஒரே சுரம் தொடர்ந்து ஒலிப்பதால் இதையும் சுருதிக்கு வைத்த வாத்தியம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் குரல் யிடக்கியின் சுரத்தோடு நாம் எதிர்பார்க்கும் விதத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யிடக்கியைத் தாள வாத்தியமாகக் கேளுங்கள். உடனே பாதி முடிச்சு அவிழும்.

மூன்று விஷயங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம்.

ஒன்று, நாக்கு. நீளமான ஒற்றை ஒலி போலத் தெரிவதற்குள் நாக்கு அசுர வேகத்தில் வேலை செய்கிறது. வடகிழக்கு ஆர்னம் நில வாசிப்பில் நாக்கின் அடி கெட்டியாக இருக்கும். ஒலி துண்டு துண்டாக, கூர் விளிம்போடு வரும். உலகச் சந்தையில் கிடைக்கும் தியான இசையில் வழவழவென்று நீளும் டிட்ஜெரிடூவுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். வாசிப்பவர்கள் இந்த வடிவங்களை வாயால் சொல்லியே சொல்லிக்கொடுக்கிறார்கள். மிருதங்கம் கற்றவர்களுக்குச் சொற்கட்டு என்றால் உடனே புரியும். நாக்கு சொல்வதையே குழலுக்குள் செய்தால் அதுதான் வாசிப்பு. ஒரு பெரியவர் இளைஞனிடம் வாயாலேயே தாளத்தைச் சொல்லிக்காட்டும் காணொளி கிடைத்தால் விடாதீர்கள். பத்துக் கட்டுரை படிப்பதற்குச் சமம்.

இரண்டு, டூட். உறுமலுக்கு நடுவே திடீரென்று ‘பூப்’ என்று ஒரு உயர்ந்த ஒலி, லாரிக்காரர் ஹாரனை ஒரே ஒரு தட்டுத் தட்டியது போல. உதட்டை இறுக்கிக் குழலின் அடுத்த சுரத்துக்குத் தாவுவதுதான் அது. சீரான உருளையாக இருந்தால் அடிச்சுரத்தின் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும். யிடக்கி கீழே போகப்போக விரிவதால் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக, இரண்டரை மடங்கு அளவில் விழும். அலங்காரத்துக்காக வருவது என்று நினைத்துவிடாதீர்கள். டூட் எங்கே விழ வேண்டும் என்பது அந்த வடிவத்தில் முன்பே நிச்சயிக்கப்பட்டது. ஒரு பாட்டில் டூட் விழும் இடங்களைப் பில்மா தட்டுகளோடு சேர்த்து எண்ணுங்கள். மூன்றாவது முறை கேட்கும்போது அடுத்தது எங்கே வரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அப்படிச் சொல்லி அது சரியாக விழும்போது வரும் சந்தோஷம் சின்னப்பிள்ளைத்தனமானது. எனக்கு இன்றும் வருகிறது.

மேற்கு ஆர்னம் நிலத்து மாகோவில் பொதுவாக டூட் இருக்காது. எந்தப் பகுதி இசை என்று கண்டுபிடிக்கப் புதியவர்களுக்கு இதைவிட எளிய அடையாளம் இல்லை.

மூன்று, மூச்சு. தட்டார் ஊதுகுழலால் தீயை விடாமல் ஊதுவதைப் பார்த்திருந்தால் விளங்கும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பது. நல்ல யிடக்கிக்காரர் அந்த இழுப்பை மறைக்கப் பார்ப்பதில்லை. அதையே தாளத்தின் ஒரு தட்டாக வைத்துக்கொள்கிறார். ஒலி சட்டென்று மெலிந்து வீங்கும் இடம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அங்கேதான் மூச்சு.

இவ்வளவு நிறம் ஒரு வெற்றுக் குழலிலிருந்து எப்படி வருகிறது? 2005இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் அடங்கிய குழு நேச்சர் இதழில் இதற்கு விடை வெளியிட்டது. வாசிப்பவரின் வாய்க்குழி சில அதிர்வெண்களை அடக்கிவிடுகிறது; அடங்காமல் மிஞ்சியவை தூக்கலாகக் கேட்கின்றன. நாக்கின் நிலை மாற மாற அடங்கும் பட்டையும் மாறும். பேச்சில் ‘ஆ’வும் ‘ஈ’யும் வேறாகக் கேட்பதற்கும் வாய்க்குழிதான் காரணம், ஆனால் வழி வேறு. தேர்ந்த வாசிப்பாளர்கள் தொண்டையில் குரல்வளைப் பிளவைக் கிட்டத்தட்ட மூடியே வைத்துக்கொள்வதால் இந்த விளைவு இன்னும் கூர்மையாகிறது. புதியவர் ஊதினால் ஏன் வெறும் ‘பர்ர்’ மட்டும் வருகிறது என்பதற்கும் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

6. என்ன பாடுகிறார்கள் என்று கொஞ்சமாவது தெரிந்துகொள்ளுங்கள்

யோல்ங்கு உலகில் மனிதர், நிலம், மரம், மீன், காற்று எல்லாமே இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை: துவா அல்லது யிரிச்சா. துவா ஆள் யிரிச்சாவில்தான் மணம் முடிக்க வேண்டும். குழந்தை தந்தையின் பக்கம். ஆகவே தாய் எப்போதும் மறுபக்கம். இந்தத் தாய்–சேய் உறவுக்கு யோத்து-யிண்டி என்று பெயர். அதே பெயரில் 1986இல் தொடங்கிய இசைக்குழுவின் ‘ட்ரீட்டி’ பாட்டு 1991இல் உலகைச் சுற்றிவந்தது. யிடக்கி, பில்மா, மின் கிட்டார் மூன்றும் ஒன்றாகக் கேட்க அதிலிருந்து தொடங்குவதில் தப்பில்லை.

பாட்டும் அப்படித்தான் பிரிந்திருக்கிறது. விடிவெள்ளி பனும்பிர் துவா. நெருப்பும் முதலையும் குமாட்ஜ் குலத்தாருக்குப் பெரியவை, அவர்கள் யிரிச்சா. ஒரு பாட்டு வரிசை, முன்னோர் நடந்துபோன வழியைப் பின்தொடர்ந்து இடம் இடமாகப் போகும். பாட்டில் ஒரு ஊற்றின் பெயர் வருகிறது என்றால் அந்த ஊற்றுக்கு யார் உரியவர் என்பதும் கூடவே சொல்லப்படுகிறது. ஆகவே பாட்டு ஒரு வகையில் பட்டா.

எல்லாம் ஆதிகாலக் கதை என்றும் எண்ண வேண்டாம். இன்றைய இந்தோனேசியாவின் மக்காசாரிலிருந்து கடல் அட்டை பிடிக்கப் பாய்மரக் கப்பல்கள் 1907 வரை இந்தக் கரைக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பாய்களும் கொடிகளும் யிரிச்சா பாட்டுகளில் இருக்கின்றன. அவர்கள் விட்டுப்போன சொல் ஒன்று நமக்கும் சொந்தம்: யோல்ங்கு மக்கள் பணத்தை ருப்பியா என்கிறார்கள். வடமொழியில் கிளம்பிய சொல் ஒரு பக்கம் நம் ரூபாயாகி, இன்னொரு பக்கம் கடல் கடந்து ஆர்னம் நிலத்தில் கரை ஏறியிருக்கிறது. வெள்ளைக்காரருக்கு அவர்கள் வைத்த பலண்டா என்ற பெயரும் அதே வழியில், ஹாலந்தர் என்பது திரிந்து வந்தது.

7. எதைக் கேட்பது

பழைய களப் பதிவுகளில் மானிடவியலாளர் ஏ. பி. எல்கின் 1949இல் ஆர்னம் நிலத்தில் எடுத்தவை, இசை ஆய்வாளர் ஆலிஸ் மொய்ல் 1960களில் எடுத்தவை இரண்டும் தேடத் தக்கவை. ஒலித்தரம் கரகரப்புதான். ஆனால் பாட்டுக்கு இடையில் இருக்கும் இருமலும் பேச்சும் வெட்டப்படாமல் கிடைக்கும். இன்றைய பதிவுகளுக்கு யிர்க்கலாவில் உள்ள புக்கு-லார்ங்காய் முல்கா கலை மையம். அதன் காப்பகப் பிரிவான முல்கா திட்டம் யோல்ங்கு மக்களே எடுத்த காணொளிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. இறந்தவர்களின் குரலும் உருவமும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை முதலில் வரும். அது சம்பிரதாயத்துக்குப் போட்டது இல்லை என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

புதியவர்களுக்கு நான் தரும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. குமாட்ஜ் குலத்துப் பாடகர் குருமுலின் கடைசித் தொகுப்பு, ‘ஜாரிமிரி’, அவர் 2017இல் மறைந்த பிறகு 2018இல் வந்தது. மறைவுக்குப் பின்னும் அவர் பெயரைப் பயன்படுத்தக் குடும்பம் அனுமதி தந்திருக்கிறது. அதில் யிடக்கி வாசிக்க வேண்டிய சுழல்களைச் செல்லோ போன்ற தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் எடுத்துக்கொள்கின்றன. யிடக்கியின் உறுமலுக்குள் வடிவத்தைப் பிடிக்க முடியாமல் திணறிய என் காது, அதைச் செல்லோவில் உடனே பிடித்துக்கொண்டது. பிறகு யிடக்கிக்குத் திரும்பினேன்; வடிவம் அங்கேயே, கண்ணெதிரே இருந்தது. சுத்தமரபுக்காரர்கள் இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

8. வாத்தியம் வாங்க ஆசை வந்தால்

வரும். எனக்கு வந்து, ஒரு நினைவுப்பொருள் கடையில் புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டிய ஒரு குழலை வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து உரசிப் பார்த்தால் மூங்கில். எந்தப் பழங்குடிக் கையும் அதைத் தொட்டிருக்கவில்லை.

நிஜ யிடக்கி யூகலிப்டஸ் மரத்தின் தண்டு. யோல்ங்கு மக்கள் கடைக்கா என்று சொல்லும் நார்ப்பட்டை மரம் இதற்குப் பேர்போனது. துளை போடுவது மனிதர் இல்லை, கரையான். உயிருள்ள வெளிமரத்தை விட்டுவிட்டு நடு வைரத்தை மட்டும் தின்றுவிடும். காட்டில் மரம் மரமாகப் போய்த் தட்டிப் பார்த்துத்தான் தேடுகிறார்கள். தேங்காய் வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பது மாதிரி, ஆனால் பல மரம் தட்டினால் ஒன்று தேறும். வெட்டி, பட்டையை உரித்து, உள்ளே கரையான் விட்டுப்போன மண்ணைக் குச்சியால் குத்தி வெளியேற்றி, ஊதிப் பார்த்து, மீண்டும் செதுக்கி, மீண்டும் ஊதிப் பார்ப்பார்கள். உள்ளே கரையான் போன வழிதான் குரலைத் தீர்மானிக்கிறது. அதனால் இரண்டு யிடக்கி ஒன்றுபோல இருக்காது. வாய்ப்பகுதி பெரும்பாலும் சிறியது, மரத்தையே செதுக்கியது. தேவைப்பட்டால் தேன்மெழுகு ஒட்டுவார்கள்.

வாங்கினால் யிர்க்கலா மையம் போன்ற பழங்குடிகளே நடத்தும் கலை மையத்திடம் வாங்குங்கள். செய்தவர் பெயர், குலம், மரம் மூன்றும் தாளில் வரும். விற்பவரால் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

யோல்ங்கு சடங்குகளில் யிடக்கி ஆண்கள் வாசிக்கும் வாத்தியம். அதே பாட்டுப் பொருள்களைப் பெண்கள் மில்கரி என்ற அழுகைப் பாடலாகப் பாடுவார்கள். அதையும் தேடிக் கேளுங்கள், நம் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இருக்காது. வெளியூர்ப் பெண்கள் யிடக்கி ஊதலாமா என்பதில் பழங்குடிகளுக்குள்ளேயே ஊருக்கு ஊர் கருத்து மாறும். யாரிடம் கற்கிறீர்களோ அவரிடம் கேட்டுவிடுவதே சரி.

9. நேரில் போவதென்றால்

ஆர்னம் நிலம் பழங்குடிகளுக்குச் சொந்தமான நிலம். நினைத்தபோது காரை எடுத்துக்கொண்டு போக முடியாது. சாலை வழியே போக வடக்கு நில மன்றத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். நுலுன்பாய் ஊரைச் சுற்றியுள்ள கடற்கரைகளுக்கும் முகாம் இடங்களுக்கும் திமுரு என்ற யோல்ங்கு அமைப்பிடம் வாங்க வேண்டும். டார்வினிலிருந்து நுலுன்பாய்க்குச் சாலையில் சுமார் 1,000 கிலோமீட்டர், பெரும்பகுதி செம்மண் பாதை. விமானமே புத்திசாலித்தனம், டார்வினிலிருந்தும் கெயின்ஸிலிருந்தும் உண்டு.

புதியவருக்கு ஏற்ற வாசல் கார்மா என்ற யோல்ங்கு பண்பாட்டு விழா. 1999இல் தொடங்கியது, ஆகஸ்டில் நான்கு நாள், குல்குலா என்ற இடத்தில். அந்த இடம் சும்மா தேர்ந்தெடுத்தது இல்லை. கன்புலபுலா என்ற முன்னோர் யிடக்கியைத் தோற்றுவித்த இடம் அதுதான் என்பது குமாட்ஜ் மரபு. சுற்றிலும் நிற்பதும் கடைக்கா மரக் காடு. விலை அதிகம், கூட்டமும் அதிகம். ஆனாலும் அழைக்கப்பட்ட விருந்தாளியாக உட்கார்ந்து கேட்கலாம். அழைப்பில்லாமல் ஒரு சாவுச் சடங்கின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கும் சங்கடம் இல்லை.

மாலைச் சாய்வில் மணல் திடலில் புங்குல் தொடங்கும். மணலுக்குள் கால் வைக்காதீர்கள், விளிம்பில் உட்காருங்கள். யாராவது கையைப் பிடித்து ஆட இழுத்தால் மட்டும் உள்ளே போகலாம். கேமரா எடுக்கும் முன் அன்றைக்குப் படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். சில ஆட்டத்துக்குக் கூடாது என்பார்கள். எல்லோர் கண்ணும் ஆடுகிறவர்கள் மேல் இருக்கும். நீங்கள் ஒரு தடவையாவது பாட்டுக்காரர்கள் பக்கம் திரும்புங்கள். பில்மா பிடித்த கை, அதற்குப் பக்கத்தில் யிடக்கியின் அடியைத் தரையிலோ ஒரு காலின் மேலோ ஊன்றி ஊதும் பையன். அவன் கண் ஆட்டத்தில் இருக்காது. அந்தக் கையை விட்டு நகராது.